நூற்றுக்கு ஒன்று கூடிய அரங்கம்

வலது கை பலகையைத் தாங்கியிருந்தது. இடது கைக் கட்டைவிரல் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. பலகை முடிகிற இடத்தில் விரல் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. கைகள் பலகையை வெளியே எடுத்தன, விளிம்பில் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தன, திரும்பவும் மெதுவாக இறக்கின. இந்த முறை நட்டநடுவில் வைத்ததால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விழுந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதில் விட்டபோது எங்கும் உராயாமல் உள்ளே போய்த் திரும்பியது.

"ஒம்பது மில்லி," என்றார் அமீர் ஹம்சா, அளக்காமலேயே.

அந்தப் பலகை ஒரு நாடக அரங்கின் பால்கனி. அரங்கை இன்னும் யாரும் கட்டவில்லை. அதற்கு முன்னால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மூன்று மீட்டர் நீளம், ஆள் குனிந்து உள்ளே தலையை விடலாம். மேடை, பக்கச் சுவர்கள், கூரை எல்லாம் ஹம்சா செய்தவை. பால்கனியையும் நாற்காலிகள் நிற்கும் படிகளையும் மட்டும் கணபதி பகுதியில் ஒரு லேசர் கடையில் வெட்டுவித்திருந்தார்கள். அவை அன்று காலைதான் வந்து சேர்ந்தன. அடுத்த திங்கட்கிழமை சோதனை.

ஹம்சாவுக்கு அறுபத்திரண்டு வயது. உக்கடத்தில் வீடு. தொழில் பேட்டர்ன் வேலை. பம்ப், மோட்டார் என்று இந்த ஊர் எதை இரும்பில் வார்த்தாலும் முதலில் அதற்கு ஒரு மர உருவம் வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்த பள்ளத்தில்தான் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது வயதில், ஒரு ஃபவுண்டரி கழித்துப்போட்ட பேட்டர்ன்களைச் சாக்கில் அள்ளிவந்து, பசையிட்ட இணைப்புகளில் வெந்நீர் ஊற்றிப் பிரித்துப் பார்த்தார். எட்டு மாதம் எதையும் செய்யவில்லை. பிரித்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது மாதம் பிரித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தார்.

அரங்கம் வரப்போவது ஒரு பழைய மில் இருந்த இடத்தில். மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பஞ்சுக் கிடங்கு ஒன்று மட்டும் இடியாமல் நிற்கிறது. மாதிரி செய்ய அதையே ஒதுக்கித் தந்தார்கள். முதல் நாள் கருவிகளை இறக்கியபோது ஹம்சா கிடங்கின் வாசலில் நின்று, வேலிமுள் மண்டிய ஒரு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லின் மன்றம் அங்கேதான் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு மறுநாள், தொழிலாளர்களே சேர்ந்து அங்கே நாடகம் போடுவார்கள். நடுப்பகலில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடியும். கல்யாணமான வருடம் இஸ்மத்தைக் கூட்டிக்கொண்டு அவர் போனார். பஸ் தாமதம். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். இஸ்மத்துக்கு முன்வரிசையில் யாரோ நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள். ஹம்சாவுக்குக் கிடைத்தது கடைசியில், நான்காவது தூணுக்குப் பின்னால். மேடையில் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. நாடகம் முழுக்க அந்த மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அவர் பார்த்தது அந்தப் பானையைத்தான்.

ஆனால் காதில் எல்லாம் விழுந்தது. மைக் கிடையாது. அப்படியிருந்தும் மேடையில் ஒருத்தி மூச்சை இழுத்து நிறுத்துவது வரைக்கும் தூணுக்குப் பின்னால் கேட்டது. முடிந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர் ஒரு வசனத்தைச் சொல்ல, அப்போது யார் எங்கே நின்றார்கள், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று இஸ்மத் சொன்னாள். உக்கடம் வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு நாடகத்தைப் பார்த்து முடித்திருந்தார்கள். அடுத்த வருடம் நேரத்தோடு போயும் ஹம்சா அந்தத் தூணுக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த வருடமும் அப்படியே. மில் மூடும் வரை ஏழு பொங்கல்.

இஸ்மத்துக்குக் காது மந்தமாகி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து பேசினால் புரியும். ஸ்பீக்கர் வைத்த மண்டபத்துக்குள் போனால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. சொந்தத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து வந்து, "இனி என்னையக் கூப்புடாதீங்க. தகரக் கொட்டாயிக்குள்ள மழை பேஞ்சாப்புல இருக்குது," என்று சொல்லிவிட்டாள். அதோடு எந்த விழாவுக்கும் போவதில்லை.

அதனால்தான் கட்டடக் கலைஞர் அக்ஷயா பட்டறைக்கு வந்து, "முந்நூறு சீட்டு, பாய். மைக்கே இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்கணும்," என்று வரைபடத்தை விரித்தபோது, ஹம்சா கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"கேக்குமுங்களா அம்மணி?"

"கேக்கும்னு கணக்குச் சொல்லுது. பணம் போடற ட்ரஸ்டுக்காரங்க நம்பமாட்டேங்கறாங்க. மாதிரி செஞ்சு நிரூபிச்சுக் காட்டுன்னுட்டாங்க. இல்லைன்னா ஆயிரம் பேருக்கு ஒரு ஹால், நாலு பக்கமும் ஸ்பீக்கர். அவ்வளவுதான்."

நம்பாதவர்களில் முதல் ஆள் பாலுசாமி. வெள்ளகோவில் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். அப்பா காலத்தில் மில்லில் பங்கு வாங்கி ஊருக்குள் வந்தவர்கள். ட்ரஸ்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வேலை ஆரம்பித்த வாரமே கிடங்குக்கு வந்து, மரச் சட்டங்களைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"ஏனுங்க பாய், மைக்கில்லாம பேசுனா பின்னாடி உக்காந்தவன் செருப்பக் கழட்டி வீசமாட்டானுங்களா?"

"கேட்டா எதுக்குங்க வீசறான்?"

"அதாங்க. கேக்கோணுமே!"

இதெல்லாம் நடந்து ஏழு வாரம் கழித்துத்தான் அந்த ஒன்பது மில்லிமீட்டர்.

லேசர் கடைக்காரன் தப்பாக வெட்டியிருப்பான் என்றுதான் ஹம்சா முதலில் நினைத்தார். அவர் வேலையில் பிழை வர வழியே இல்லை. பேட்டர்ன்காரர்கள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளப்பதில்லை. முதல் நாளே ஒரு பெரிய பலகையில் முழு உருவத்தையும் கோடு கிழித்துக்கொள்வார்கள். பிறகு வெட்டுகிற எதையும் அந்தப் பலகைமேல் வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். மாதிரியின் ஒவ்வொரு துண்டையும் அவர் அப்படி வைத்துப் பார்த்திருந்தார். மயிரிழை பிசகவில்லை.

சுவரில் நான்கு ஆணிகள், பட்டறையில் இருந்த அதே வரிசையில் அவர் அடித்தவை. நான்கிலும் எஃகு அளவுகோல்கள் தொங்கின. பால்கனிப் பலகையை அளக்கலாம் என்று திரும்பியவர், ஆணிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாதென்பதால் அளவுகோலிலேயே கோடுகளை அகலித்துப் போட்டிருப்பார்கள். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்பார்கள். அதில் ஒரு மீட்டர் என்றால் நிஜத்தில் ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும். முதல் ஆணியில் இரும்புக்கு உள்ளது, அடுத்ததில் அலுமினியத்துக்கு, மூன்றாவதில் எஃகுக்கு. ஊர் உலகம் பயன்படுத்துகிற சாதாரண அளவுகோல் நான்காவது ஆணியில் தூசி படிந்து தொங்கியது. அந்தத் தூசியில் விரல் பட்ட தடமே இல்லை.

நாற்பது வருடமாக அவர் கை போகிற ஆணிக்கே, பலகையில் கோடு கிழித்த அன்றும் போயிருக்கிறது. மாதிரியை யாரும் வார்க்கப்போவதில்லை, அது எங்கும் சுருங்கப்போவதில்லை என்பது கைக்குத் தெரியவில்லை. மூல அளவே பிசகு. அதற்குப் பிறகு வெட்டிய ஒவ்வொரு துண்டும் அந்தப் பிசகைத் துளியும் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தது.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பால்கனிக்கு இரண்டு பக்கமும் ஒன்பது மில்லி பட்டை ஒட்டி, மேலே பட்டி பார்த்துச் சாயம் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பட்டை ஒட்டிய மாதிரி எந்த அரங்கத்தின் மாதிரி? சுவர் ஒரு கணக்கு, பால்கனி வேறு கணக்கு. அதில் சோதித்துக் கேட்கும் என்று வந்தாலும் பொய், கேட்காது என்று வந்தாலும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நிஜ அரங்கைக் கட்டுவார்கள். அதில்தான் இஸ்மத் வந்து உட்கார வேண்டும்.

அக்ஷயாவுக்கு ஃபோன் செய்தார்.

"அம்மணி, நா ஒரு தப்புச் செஞ்சுபோட்டேனுங்க."

ஒலிப் பொறியாளர் கவினையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அவள் வந்துவிட்டாள். ஹம்சா ஆணிகளைக் காட்டினார். இரண்டு அளவுகோல்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். அக்ஷயா தலையில் கைவைத்துக்கொண்டு கிடங்கின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு, பாய்."

"தெரியுமுங்க."

கவின் மாதிரிக்குள் தலையை விட்டு நாலு இடத்தில் டேப் பிடித்துப் பார்த்தான். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாமே நூத்துக்கு ஒண்ணு. எங்கயுமே மாறல. எப்படிங்க பாய், தப்பக்கூட இவ்வளவு சுத்தமாச் செஞ்சிருக்கீங்க?"

"கேலி பண்ணாதீங்க தம்பி."

"கேலி இல்லீங்க. மொத்தமும் ஒரே அளவுல பெருசா இருந்தா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. பத்துல ஒரு பங்குங்கற எடத்துல ஒம்பது புள்ளி ஒம்பதுன்னு கணக்குல மாத்திக்குவேன். ஆனா இனி உள்ள போற எல்லாமே அதே அளவுல வரணும். பால்கனி, படி, சீட்டு, எல்லாம்."

"அப்ப லேசர்ல வெட்டுனது?"

"தூக்கிப் போட்டுறலாம்."

ஹம்சா இரும்பு அளவுகோலை எடுத்துத் துடைத்தார். இந்த முறை தெரிந்தே எடுத்தார்.

ஐந்து நாளில் பால்கனியையும் பதினெட்டுப் படிகளையும் அவரே தேக்கில் செய்தார். சீட்டுகளுக்கு இஸ்மத் வந்தாள். ஆள் உட்கார்ந்த நாற்காலி சத்தத்தை உறிஞ்சுவது மாதிரி உறிஞ்ச, ஒவ்வொரு மரக்கட்டைக்கும் கம்பளித் துணி சுற்ற வேண்டும். முந்நூறு கட்டைக்கும் முந்நூறு துண்டு. ஒரு பழைய கம்பளியைப் பிரித்துப்போட்டு, அதே அளவுகோலை வைத்து அவள் வெட்டினாள். ஒட்டி முடித்து வரிசையாக அடுக்கியவள், கடைசி வரிசைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ஏனுங்க, நம்ம தூணு எங்கீங்க?"

"இதுல தூணே இல்ல."

"தூணில்லாம நீங்க எங்க போயி உக்காருவீங்க?"

"உங்கூடத்தான். இங்க ஆம்பள பொம்பளைக்குத் தனித்தனி எடம் இல்லையாமா."

இஸ்மத் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையில் இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை கவின் மேடைமேல் ஒரு குட்டி ஸ்பீக்கரையும் கடைசி வரிசையில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு மைக்கையும் வைத்தான். அரங்கம் சிறிதானால் சத்தத்தையும் சிறிதாக்க வேண்டுமாம். பேச்சைப் பதிவுசெய்து, ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் மாதிரிக்குள் ஓட விட்டு, அங்கே கேட்டதைத் திரும்ப மெதுவாக்கினால், நிஜ அரங்கில் எப்படிக் கேட்கும் என்பது தெரிந்துவிடும். வேகமாக ஓடும்போது அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாது, மிச்சம் மூடிய மாதிரியைத் தாண்டி வெளியே வராது. கவின் பொத்தானை அழுத்தினான். எல்லோரும் மாதிரியையே பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்கு எதாச்சும் கேட்டுச்சா கண்ணு?" என்று இஸ்மத் அக்ஷயாவிடம் கேட்டாள்.

"இல்லீங்கம்மா. யாருக்குமே கேக்காது."

"அப்ப இந்த மண்டபத்துல எல்லாரும் என்னையாட்டத்தானா!"

ஆனால் முதல் சோதனை சரியாக வரவில்லை. மெதுவாக்கிக் கேட்டபோது, கடைசி வரிசையில் ஒவ்வொரு சொல்லும் முடிகிற இடத்தில் அதன் வால் இன்னொரு தடவை கேட்டது. பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது என்றான் கவின். வரைபடத்தில் பின்சுவர் சமதளம். அக்ஷயா ட்ரஸ்டிடம் கெஞ்சி வியாழன்வரை நேரம் வாங்கினாள்.

ஹம்சா பின்சுவரைக் கழற்றித் தரையில் போட்டார். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசித்தார். மன்றத்தின் பின்சுவரில் கதவுகள் இல்லை. வேறென்ன? நூல்கண்டுகள் வைக்கும் உடைந்த பாபின் பெட்டிகள். மில் கழித்துப்போட்டவற்றைப் பின்சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று துருத்தி நிற்கும், ஒன்று உள்ளடங்கி நிற்கும். இடைவேளையில் அவற்றின்மேல்தான் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஏழு வருடமும் அந்தப் பெட்டிகளை ஒருவரும் அகற்றவில்லை.

இருபத்திரண்டு மரப்பட்டைகளைச் சீவி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு பருமனில் சுவரில் நிறுத்தினார். கவின் கேட்டுச் சொல்வான். ஹம்சா ஒரு பட்டையை எடுத்து ஒரு சீவல் குறைப்பார், திரும்ப வைப்பார். இரண்டு நாள் இதுவே வேலை. எதற்கும் வரைபடம் இல்லை.

வியாழக்கிழமை காலை பாலுசாமி வந்தார். பதிவுசெய்திருந்த பேச்சு ஹம்சாவின் குரல். என்ன பேசுவது என்று தெரியாமல், தூணுக்குப் பின்னாலிருந்து கேட்ட வசனம் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். பாலுசாமி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

"மைக் எந்தச் சீட்டுல வெச்சீங்க?"

"கடைசி வரிசைங்க," என்றான் கவின்.

"சும்மா சொல்லாதீங்க தம்பி."

"நீங்களே குனிஞ்சு பாருங்க ஐயா."

எழுபது வயதில் அவர் மாதிரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நிமிரும்போது சட்டைக் காலரில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. ஹம்சா ஹெட்ஃபோனை வாங்கி இஸ்மத்திடம் கொடுத்தார். அவள் காதுக்கருவிகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அதை மாட்டினாள். கவின் சத்தத்தைக் கூட்டினான்.

"இவங்களுக்குச் சத்தம் பத்தாததுகூடப் பெரிசில்லீங்க," என்றான் பாலுசாமியிடம். "எதிரொலி கலந்து வந்தா ஒண்ணும் புரியாது. அதுதான் கஷ்டம்."

இஸ்மத்தின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடுகள் அசைந்தன. கேட்கக் கேட்க அவளும் சொன்னாள்.

"'பானையில தண்ணி இருக்குது. குடிச்சுப்போட்டுப் போ. எங்கே போறேன்னு நான் கேட்கமாட்டேன்.'"

ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் சத்தமாகவே பேசினாள்.

"ஏனுங்க, இது அந்த நாடகத்துல அக்காக்காரி சொல்றதுல்ல? மஞ்சச் சேலை கட்டியிருந்தா. ஒரு கையி வாசக்கால் மேல இருந்துச்சு. நீங்க எங்க அதப் பாத்தீங்க, பானையத்தான பாத்தீங்க!"

ஹம்சா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பாலுசாமி காலரில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். அப்புறம் அக்ஷயாவிடம் திரும்பினார்.

"ஸ்பீக்கர் வேண்டாங் கண்ணு. மீட்டிங்குல நான் சொல்லிக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் கூட்டத்தில் முடிவானது. அதற்கடுத்த நாள் மாதிரியை எடுத்துப்போக அக்ஷயா வேன் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு பட்டைகளின் பருமனும் இடைவெளியும் எந்த வரைபடத்திலும் இல்லை. அலுவலகத்தில் வைத்து, மாதிரியிலிருந்துதான் அளந்து வரைய வேண்டும்.

நான்கு பேர் ஒவ்வொரு பகுதியாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். கம்பளி சுற்றிய வரிசைகளை இஸ்மத் துணி மூடி அனுப்பினாள். அடிச்சட்டத்தில் 'அளவு 1 : 10' என்று அச்சடித்த சீட்டை அக்ஷயாவின் ஆட்கள் ஒட்டியிருந்தார்கள். ஹம்சா அதை உளியால் நெம்பி எடுத்துவிட்டு, பென்சிலால் '1 : 9.9' என்று மரத்திலேயே எழுதினார்.

பிறகு உள்ளே போய் முதல் ஆணியிலிருந்த அளவுகோலை எடுத்துவந்தார். விரல் பட்டுப் பட்டு நடுவில் சில கோடுகள் மங்கியிருந்தன. அதை ஒரு பனியன் துணியில் சுற்றி அக்ஷயாவிடம் நீட்டினார்.

"இது எதுக்குங்க பாய்?"

"உங்க பசங்க சாதாரண ஸ்கேலை எடுத்து அளந்து பத்தால பெருக்கிப்போடுவாங்க அம்மணி. அப்புறம் செவுரு பெருசாப் போயிரும். இதுல அளந்து பத்தால பெருக்குனாத்தான் நெசக் கணக்கு வரும்."

"உங்க வேலைக்கு?"

"திங்கக்கெழமை ஒரு பம்ப் வேலை இருக்குது. அதுக்குள்ள வேற வாங்கிக்கறேனுங்க. நீங்க பிடிங்க."

அக்ஷயா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.